புல்லுக்கு இறைக்கிற பெரியப்பா

கனடாவிலிருந்து எங்களுக்கு வருகிற படங்களில் புல் எப்பவும் பச்சையாகவே இருக்கும். பிறந்தநாள், பட்டமளிப்பு, புதுக் கார், புதுச் சேலை, எதுவென்றாலும் வீட்டுக்கு முன்னால் உள்ள புல்தரையில் நின்றுதான் எடுப்பார்கள். யூனில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் அப்படி வரும். பிறகு நத்தாருக்குப் பனி மூடின வீட்டுப் படம் ஒன்று. இடையில் ஒக்டோபர், நவம்பர் என்று இரண்டு மாதம் அங்கே இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் ஆக்கள் வீட்டுக்கு வெளியே நின்று என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

2024 ஒக்டோபரில் வந்த படங்கள் வேறு மாதிரி. சுவரோடு பொருத்திய ஒரு பித்தளை வால்வு. கராஜுக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கங்கள். புல்லுக்கு நடுவே ஒரு பச்சை மூடி, திறந்தால் உள்ளே வயர்களும் சேறும். கடைசியாக ஓர் ஆங்கிலக் கைநூலின் பதினொரு பக்கங்கள், பாதிக்கு மேலே போன் பிடித்த கையின் நிழல். அனுப்பியது பெரியப்பா. கீழே ஒரு குரல்பதிவு: "பிள்ளையள், இதை வடிவாத் தமிழில எழுதி அனுப்புங்கோ. அண்ணாட்ட ஒண்டும் சொல்ல வேண்டாம்."

நாங்கள் இரண்டு பேர். ஒரே வீடு, ஒரே கலைப்பீடம், ஒரு வருட இடைவெளி. மொழிபெயர்ப்பு எங்களுக்குப் பாடம். பத்திரிகைத் தலையங்கம், சுற்றறிக்கை, சிறுகதைத் துண்டு என்று வகுப்பில் எத்தனையோ பெயர்த்திருக்கிறோம். ஒரு சொல் சரிவராவிட்டால் அரைப் புள்ளி குறையும், அவ்வளவுதான். இந்தப் பதினொரு பக்கத்தில் மூன்றாம் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் கண் போகும், ஆள் காயப்படும் என்று போட்டிருந்தது. வாசிக்கிறவர் அறுபத்தெட்டு வயது. வாசித்ததை அப்படியே செய்யக்கூடியவர்.

விஷயம் இதுதான். பெரியப்பா இருப்பது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிரம்ரனில், மகனின் வீட்டில். அந்த வீட்டுப் புல்தரைக்குக் கீழே பைப் ஓடுகிறது. வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் போட்டது. பெட்டியில் நேரம் வைத்துவிட்டால் விடிய ஐந்து மணிக்கு நிலத்துக்குள் இருந்து ஸ்பிரிங்ளர்கள் தாமாகத் தலை தூக்கி, சுற்றிச் சுற்றித் தண்ணி அடித்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விடும். மனிசர் எழும்புவதற்கு முன் புல் குளித்து முடித்துவிடும். இதை முதல்முறை வீடியோவில் பார்த்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை. இங்கே பெரியப்பாவின் வாழ்நாளில் பாதி, வெங்காயப் பாத்திக்குள் இருந்து புல்லைப் பிடுங்குவதில்தான் போனது. கோரைக் கிழங்கு ஒன்று தப்பினால் அடுத்த கிழமை பத்தாக நிற்கும். அந்த மனிசன் இப்போது புல்லுக்கு நேரம் வைத்துத் தண்ணி விடுகிறார்.

தண்ணி விடுவதில் சிக்கல் இல்லை. நிறுத்துவதில்தான் சிக்கல். குளிர் வருவதற்கு முன் அந்தப் பைப்புகளுக்குள் நிற்கிற தண்ணியை வெளியே எடுத்தாக வேண்டும். தண்ணி உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். பெரும்பாலான பொருட்கள் குளிரில் சுருங்க, இது ஐஸ் ஆகும்போது வீங்கும். பைப்புக்குள் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டால், அந்த அடைப்புக்கும் பூட்டிய வால்வுக்கும் இடையில் அகப்பட்ட தண்ணிக்குப் போக வழி இல்லை. ஐஸ் வளர வளர அந்தத் தண்ணி நெருக்குப்படும். எங்கே பலம் குறைவோ அங்கே வெடிக்கும். அநேகமாக முதலில் போவது நிலத்துக்கு மேலே, காற்றில் நிற்கிற பித்தளைப் பாகம். வெடித்தது அப்போது தெரியவும் மாட்டாது. ஏப்ரலில் தண்ணி திறக்கும்போதுதான் சுவரோரம் ஊற்று மாதிரிப் பீறும்.

"ஆழமாப் புதைச்சால் என்ன?" என்று நாங்கள் கேட்டோம். அந்தப் பக்கத்தில் வீட்டு அத்திவாரத்தையே 1.2 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகிறார்கள், நிலம் அவ்வளவுக்கு உறையும் என்ற கணக்கில். எங்கள் கணக்கில் நாலு அடி. ஸ்பிரிங்ளர் பைப் கிடப்பதோ ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில். புல்லுக்காக ஒருவரும் நாலு அடி தோண்ட மாட்டார்கள். அதனால் வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பைப்புகளை வெறுமையாக்க வேண்டும். சில வீடுகளில் பைப்பின் தாழ்வான இடங்களில் திருகி வடிய விடுவதற்கு வால்வு வைத்திருப்பார்கள். சிலதில் அழுத்தம் குறைந்தவுடன் தானாகத் திறந்து வடிகிற வால்வு இருக்கும். மற்ற வீடுகளில் காற்றடித்து ஊதித்தான் எடுக்க வேண்டும். பெரியப்பாவின் வீடு இந்தக் கடைசி வகை.

வழமையாக ஒருவர் வந்து செய்துவிட்டுப் போவார். வானுக்குப் பின்னால் பெரிய கொம்பிறசர், அரை மணித்தியாலம், நூறு டொலருக்குக் கிட்ட. அந்த நாள் விலைக்கு எங்கள் காசில் 21,000 ரூபாய். மஹாபொல அப்போது மாதம் 5,000. எங்களில் ஒருவரின் நாலு மாதக் காசைக் கொடுத்துப் புல்லுக்குள் காற்றடிக்கிறார்கள் என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம், போட்டவுடன் அந்தக் கணக்கின் அர்த்தமில்லாத தன்மையும் விளங்கியது. அங்கே நூறு டொலர் என்பது அண்ணாவின் சில மணி நேர வேலை. ஆனால் வட்டி ஏறி வீட்டுக் கட்டுக்காசு கூடின பிறகு அண்ணா சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். பெரியப்பா சொன்ன காரணம் காசு. "வீணா ஏன் நூறு டொலர்? காத்துத்தானே அடிக்கிறது."

காசு மட்டும் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாம் தானாக நடக்கும். கதவு திறக்கும், சூடு வரும், கோப்பை கழுவப்படும், புல் தண்ணி குடிக்கும். பெரியப்பா போனபோது அவருக்குத் தெரிந்த எந்த வேலையும் அங்கே மிச்சமிருக்கவில்லை. பேத்தியைப் பாடசாலை பஸ்ஸில் ஏற்றுவது, இறக்குவது, கோயிலுக்கு யாராவது கூட்டிப்போனால் போவது. போனில் கதைக்கும்போது "சும்மா இருக்கிறன்" என்பார். இங்கே இருந்த காலத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை என்று அப்பா சொல்வார்.

அவர் தண்ணி தெரிந்த மனிசர். வலிகாமத்துச் செம்மண்ணில் எட்டுப் பரப்பு வெங்காயம், புகையிலை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணி. அதைக் கிணற்றால் எடுக்க வேண்டும். துலாவில் தொடங்கி மண்ணெண்ணெய் மிசினுக்கு மாறின தலைமுறை அவருடையது. 1990 ஆனியில் பலாலிப் பக்கம் சண்டை தொடங்கி எல்லோரும் வெளிக்கிட்டபோது, மிசினைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர். பைப்பையும், கிணற்றுக்குள் இருந்த புட்வால்வையும் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அந்தக் காணி இன்னும் முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிறது. பிறகு குத்தகைக் காணியில் செய்தார், பல வருடம். மகன் கூப்பிட்டுப் போனது அதற்கெல்லாம் பிறகு.

மொழிபெயர்க்க உட்கார்ந்தோம். தலைப்பிலேயே நின்றுவிட்டோம். ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல் வைத்திருக்கிறார்கள், குளிர்காலம் என்பதையே வினையாக்கி. "குளிர்காலமயப்படுத்தல்" என்று எழுதிப் பார்த்தோம். சுற்றறிக்கை வாசிப்பது போல இருந்தது. பெரியப்பாவிடமே கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "மாரிக்கு ஒதுக்கிறது எண்டு போடு." இங்கே ஐப்பசி மழை தொடங்கினால் இறைப்புக்கு வேலை குறைந்துவிடும். மிசினைக் கழற்றி, துடைத்து, ஒயில் விட்டு, சாக்கால் மூடி உள்ளே வைப்பார்கள். அதுதான் ஒதுக்குவது. அங்கேயும் அதே மாதத்தில் அதே வேலை, காரணம்தான் வேறு. மழைக்குப் பதில் ஐஸ். பெரியப்பா அந்தக் குளிர்காலத்தையும் மாரி என்றுதான் சொல்வார். பேத்தி அவருக்கு "விண்டர்" என்று திருத்துவாளாம்.

அடுத்தது பெட்டியில் உள்ள ஆறு இலக்கம். கைநூல் அவற்றை "சோன்" என்கிறது. "வலயம்" என்று எழுதினோம், எங்களுக்குக் கல்வி வலயம்தான் ஞாபகம் வந்தது. ஏன் ஆறாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். எல்லா ஸ்பிரிங்ளரையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணியின் அமுக்கம் போதாது, ஒன்றும் ஒழுங்காக எழும்பாது. அதனால் முன்பக்கம் பத்து நிமிடம், அது பூட்டினதும் பக்கவாட்டு, அது முடியப் பின்பக்கம். இதைச் சொன்னதும் பெரியப்பா, "இது முறையடா" என்றார்.

எங்கள் ஊர்க் கிணறுகள் பலதும் பங்குக் கிணறு. நாலு பேர், எட்டுப் பேர் சேர்ந்து வைத்திருப்பார்கள். இன்று விடிய உனக்கு, பின்னேரம் எனக்கு, நாளைக்கு மற்றவனுக்கு என்று இறைப்புக்கு முறை இருக்கும். முறை பிசகினால் சண்டை, சில சண்டை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அதைத்தான் அந்தப் பெட்டி மின்சாரத்தில் செய்கிறது. "முதலாம் முறை, இரண்டாம் முறை" என்றே எழுதினோம். கோடையில் அங்கே சில நகரசபைகள், ஒற்றை இலக்க வீட்டுக்காரர் ஒற்றைத் திகதியிலும் இரட்டை இலக்கக்காரர் இரட்டைத் திகதியிலும்தான் புல்லுக்குத் தண்ணி விடலாம் என்று சட்டம் வைத்திருப்பதாகச் சொன்னோம். "பாத்தியளே, அவங்களுக்கும் முறை இருக்கு" என்று அவருக்கு ஒரு திருப்தி.

சுவரில் இருந்த பித்தளை வால்வுதான் மினக்கெடுத்தியது. அதன் வேலை, தோட்டத்துப் பைப்பில் நிற்கிற தண்ணி திரும்பி வீட்டுக் குடிதண்ணிக்குள் வராமல் மறிப்பது. ஊர்ப் பிரதான குழாய் எங்கேயாவது உடைந்து அமுக்கம் இறங்கினால், தோட்டப் பைப்பில் இருப்பதை அது உறிஞ்சிவிடும். பசளை, பூச்சிமருந்து, நாய் மூத்திரம் எல்லாம் ஊறின தண்ணி அது. பெரியப்பா முதலில் புட்வால்வு என்று நினைத்தார். உறவு இருக்கிறதுதான், இரண்டும் தண்ணியை ஒருவழிப் பாதையில் விடுகிறவை. ஆனால் புட்வால்வு பைப்பில் ஏறின தண்ணி கிணற்றுக்குள் விழாமல் பிடித்து வைக்கும், மிசினுக்கு உதவியாக. இது ஊர்த் தண்ணிக்குக் காவல். "திரும்பவிடா வால்வு" என்று பெயர் வைத்தோம். "அப்ப இது ஊருக்குச் செய்யுற வேலை" என்றார், அதற்குப் பிறகு அந்த வால்வில் அவருக்கு ஒரு மரியாதை.

அந்த மாகாணத்துக்காரர் தண்ணியில் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு ஒரு காரணம் 2000ஆம் ஆண்டு வோக்கர்ட்டன் என்ற சிறு நகரத்தில் நடந்தது. பெருமழையில் மாட்டெரு கரைந்து ஊர்க் கிணறு ஒன்றுக்குள் இறங்கி, ஏழு பேர் செத்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேலே ஆக்கள் நோயில் விழுந்தார்கள். கிணறு என்றதும் பெரியப்பா தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுன்னாகத்தைப் பற்றிக் கேட்டார். 2014, 2015இல் அந்தப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. "எங்கட கிணத்துத் தண்ணியைச் செக் பண்ணினவையோ?" என்று. அன்றைக்கு மொழிபெயர்ப்பு அதோடு நின்றது.

உண்மையான பிரச்சினை காற்று. கராஜில் இருந்தது கார் ரயருக்கு அடிக்கிற சின்னக் கொம்பிறசர். அதைக் கொண்டு செய்துவிடலாம் என்பது பெரியப்பாவின் திட்டம். அது சரிவராது. நிலத்துப் பைப்பில் கிடக்கிற தண்ணியைத் தள்ளிக்கொண்டு போக அமுக்கம் கூடினால் போதாது, காற்று நிறைய, விடாமல் வர வேண்டும். ரயர்க் கொம்பிறசர் ஊதினால் காற்று தண்ணிக்கு மேலால் வழுக்கிப் போய்விடும், தண்ணி பைப்பின் அடியில் அப்படியே படுத்திருக்கும். அமுக்கத்தைக் கூட்டுவோம் என்றால் அதற்கு எல்லை இருக்கிறது. வளைகிற கறுப்புப் பொலித்தீன் பைப்புக்கு 50 பிஎஸ்ஐ, விறைப்பான பீவீசி என்றால் 80. தாண்டக்கூடாது.

"அம்பதோ? தண்ணியே அந்தளவு அமுக்கத்திலதானே வருது" என்றார். கேள்வி நியாயமானதுதான். இதற்கு விடை தேடி நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தோம், விஞ்ஞானப் பீடத்து நண்பன் ஒருவனைத் தேநீர்ச் சாலையில் பிடித்து இருத்தி. தண்ணியை அமுக்கினால் அது சுருங்குவது மிகமிகக் குறைவு. பைப் உடைந்தால் அமுக்கம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும், தண்ணி ஒழுகும், அவ்வளவுதான். காற்று அப்படி இல்லை. வில்லை இழுத்துப் பிடித்த மாதிரிச் சுருங்கி நிற்கும். உடைந்தால் அவ்வளவும் ஒரே நேரத்தில் விரியும். பிளாஸ்ரிக் துண்டு சன்னம் மாதிரிப் பறக்கும். அதனால்தான் கண்ணுக்குக் கண்ணாடி, அதனால்தான் வால்வுக்கு மேலே குனிந்து நிற்கக்கூடாது, அதனால்தான் காற்று ஓடும்போது ஒரு முறையாவது திறந்தே இருக்க வேண்டும். சன்னம் என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றேதான் போட்டோம். அவருக்கு அது என்ன என்று விளக்கத் தேவையில்லை.

அண்ணாவிடம் சொன்னோம். பெரியப்பா சொல்ல வேண்டாம் என்றது தெரிந்துதான் சொன்னோம். சண்டை வந்தது. அண்ணா, "உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை, நூறு டொலரை எறிஞ்சால் முடியுது" என்றிருக்கிறார். பெரியப்பா எங்களோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் குரல்பதிவு: "எனக்கு மிசின் பழக்கிறியளோ?" அதற்கு நாங்கள் பதில் போடவில்லை. எழுதி முடித்த நாலு பக்கத் தமிழை மட்டும் அனுப்பினோம். அதை அண்ணாவுக்கும் அனுப்பினோம். அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். ஆனால் வாசித்தார் என்று நினைக்கிறோம், ஏனென்றால் அடுத்த நாள் அவரே எங்களைக் கூப்பிட்டு, "இதில் ரெண்டு நிமிசத்துக்கு மேல ஊதக்கூடாது எண்டு இருக்கு, ஏன்?" என்று கேட்டார்.

ஏன் என்றால், தண்ணி போன பிறகும் வெறும் காற்றை ஓட்டினால் ஸ்பிரிங்ளருக்குள் இருக்கிற சின்னப் பற்சில்லுகள் தண்ணியின் குளிர்ச்சி இல்லாமல் வேகமாகச் சுற்றிச் சூடேறும், உருகவும் கூடும். ஒரேயடியாக நீளமாக ஊதுவதை விட, கொஞ்சம் ஊதி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் ஊதுவது நல்லது. அண்ணா ஓம் என்றார். நிபந்தனை மூன்று: கண்ணாடி போட வேண்டும், தனியச் செய்யக்கூடாது, கொம்பிறசர் பெரிசாக இருக்க வேண்டும். மூன்றாவதுக்குத் தெருமுனையில் உள்ள ஒரு தமிழ் ஆள் கிடைத்தார், வீடுகளுக்குத் தரை போடுகிறவர். பெரிய தாங்கி வைத்த கொம்பிறசரை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மத்தியானச் சாப்பாடு பெரியம்மாவின் கையால்.

அவசரப்பட வேண்டியும் இருந்தது. நிலம் உறைய டிசெம்பராவது ஆகும், ஆனால் ஒக்டோபர் நடுவிலேயே இரவில் சுழியத்துக்குக் கிட்டப் போகத் தொடங்கிவிடும். காற்றில் நிற்கிற பித்தளைக்கு அது போதும். செய்வதற்குப் பிந்தினால் இடைக்கு ஒரு துவாயாவது சுற்றி வையுங்கோ என்று எழுதியிருந்தோம். பெரியப்பா சுற்றியிருந்தது தன்னுடைய பழைய சாரம்.

செய்த நாள் சனிக்கிழமை. அங்கே காலை பத்து மணி, இங்கே இரவு ஏழரை. வீடியோ கோலில் இருந்தோம். கராஜுக்குள் பெட்டிக்கு முன்னால் பேத்தி, பதினொரு வயது, குளிர்ச்சட்டை. வெளியே சுவரோரம் பெரியப்பா, முகத்தில் பாதியை மூடுகிற கண்ணாடி, கையில் எங்கள் கடதாசி. பெரியப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர் சத்தமாக வாசிப்பார், அவள் பொத்தானை அழுத்துவாள்.

பேஸ்மென்றில் தண்ணியைப் பூட்டியாயிற்று. திரும்பவிடா வால்வுக்கு அப்பால் உள்ள வாயில் காற்றுக் குழாயைக் கொழுவியாயிற்று. காற்று அந்த வால்வுக்கு ஊடாகப் போகக்கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் கெட்டுவிடும். கொம்பிறசர் ஆள் 50இல் வைத்தார். "ஆறாம் முறை!" என்று பெரியப்பா கத்தினார். தூரத்தில் உள்ளதை முதலில் ஊத வேண்டும் என்று கடதாசி சொல்கிறது. அவள் உள்ளேயிருந்து "ஓக்கே தாத்தா" என்றாள்.

பின்வளவு ஓரத்தில் நாலு தலை எழும்பியது. முதலில் வழமைபோலத் தண்ணி. பிறகு தண்ணியும் காற்றும் மாறி மாறி, இருமுகிற மாதிரி. பிறகு துப்பல். பிறகு பூமழை மாதிரி ஒரு தூவல், அதற்குள் வெயில் பட்டது. "காணும், காணும், நிப்பாட்டு!" என்றார் பெரியப்பா. கொம்பிறசர் ஆளுக்கு முன்னமே அவருக்குச் சத்தத்தில் தெரிந்தது. மிசின் கிணற்றில் தண்ணி குறைந்து காற்று இழுக்கத் தொடங்கும்போது ஒரு சத்தம் மாறுமாம், இது அதன் மறுபக்கம் என்று பிறகு சொன்னார். எங்கள் கடதாசியில் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கைநூலிலும் இல்லை.

ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று எல்லாம் இரண்டு தரத்தில் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் தாங்கி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த இடைவெளியில் பெரியப்பா நடந்து போய் அடுத்த வரிசையைக் காலால் தட்டிப் பார்ப்பார். நாலாம் முறை மட்டும் மசியவில்லை. வேலியோரம், நிலம் சரிகிற இடம். மூன்றாம் தரமும் துப்பிக்கொண்டே இருந்தது. கொம்பிறசர் ஆள் அமுக்கத்தைக் கூட்டுவோமா என்று கேட்டார். எங்களுக்கு இங்கே நெஞ்சு அடித்தது. பெரியப்பா கடதாசியைப் பார்க்கவில்லை. "வேண்டாம் தம்பி. பள்ளத்துக்க கிடக்கு. கொஞ்சம் விடுவம், வந்து சேரட்டும்." பத்து நிமிடம் விட்டார்கள். பைப் முழுக்க ஈரமாகக் கிடந்த தண்ணி சரிவில் வடிந்து பள்ளத்தில் கூடியது. நாலாம் தரம் அது ஒரே வாய்க்கொப்பளிப்பாக வெளியே வந்தது. சொட்டு மிச்சமில்லாமல் எடுக்கத் தேவையில்லை, பைப்பில் வீங்குவதற்கு இடம் இருந்தால் கொஞ்சத் தண்ணியால் கேடில்லை. ஆனால் அவருக்கு அது வந்துதான் ஆக வேண்டும்.

கடைசி வேலை, பித்தளை வால்வின் இரண்டு கைபிடிகளையும் முழுக்கப் பூட்டாமலும் முழுக்கத் திறக்காமலும் கோணலாக, பாதியில் விடுவது. உள்ளே ஒரு பந்து இருக்கிறது, அதன் நடுவே துளை. பூட்டினாலும் திறந்தாலும் பந்தைச் சுற்றிக் கொஞ்சத் தண்ணி அகப்பட்டு நிற்கும். பாதியில் விட்டால் வழி இருக்கும். பேத்தி வெளியே வந்து கைபிடியைப் பார்த்து, அது பிழையாக நிற்கிறதே என்று நேராக்கப் போனாள். பெரியப்பா அவளுக்கு அந்தப் பந்தைப் பற்றி விளங்கப்படுத்தினார், தமிழில், கை இரண்டையும் பொத்திக் காட்டி. அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. திரும்ப அவள் அதில் கை வைக்கவில்லை.

இடையில் எங்கள் பக்கம் மழை பிடித்தது. ஐப்பசி மழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவர்கள் கதைப்பது கேட்கவில்லை. எங்கள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனுக்குக் கிட்ட வந்து, "அங்க மழையோ? கிணறு எவ்வளவு ஏறிட்டுது?" என்று கேட்டார். போன கிழமையை விட இரண்டு முழம் என்றோம். கொம்பிறசர் ஆளிடம் திரும்பி, "ஊரில ரெண்டு முழம் ஏறிட்டுதாம்" என்றார். அந்த ஆளுக்கு வன்னி. "எங்கட பக்கம் குளம் வான் பாயும் இனி" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு நின்றார்கள், பின்னால் காற்று இறங்குகிற சீறலோடு.

பிறகு அந்தக் கடதாசி பிரம்ரனில் இன்னும் மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறது. எல்லாம் பெரியப்பா வயதுக்காரர் இருக்கிற வீடுகள். ஒருவர் முறை என்ற சொல்லை வெட்டிவிட்டு "லைன்" என்று எழுதியிருக்கிறாராம், பெரியப்பாவுக்கு அதில் கோபம். அடுத்த வருடம் மாசியில், பனி முழங்கால் அளவு கிடக்கும்போது, திறக்கிற கடதாசி வேண்டுமென்று கேட்டார். அதையும் எழுதினோம். முக்கியமானது ஒரு வரிதான்: பிரதான வால்வை ஒரே திருகில் திறக்க வேண்டாம், கால் திருகு திறந்துவிட்டுக் காற்றுப் போகும் வரை நில்லுங்கோ, இல்லாவிட்டால் வெறும் பைப்புக்குள் தண்ணி ஓடிவந்து சுத்தியலால் அடித்த மாதிரி அடிக்கும்.

ஏப்ரல் கடைசியில் திறந்தார்கள். பித்தளையில் கசிவு இல்லை. நாலாம் முறையில் ஒரு தலை மட்டும் உடைந்து கிடந்தது. அது ஐஸ் உடைத்ததல்ல, பனி தள்ளுகிற மிசின் கரையேறி மிதித்தது. அன்று இரவு பெரியப்பாவின் குரல்பதிவு வந்தது: "பிள்ளையள், அந்தத் தலைக்கு இங்கிலிசில என்ன பேர்? கடையில போய்க் கேக்க வேணும். அண்ணா வேலை. நான் பஸ்ஸில போறன்." வாசித்துக் காட்டக்கூடிய மாதிரித் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினோம்: பொப் அப் ஸ்பிரே ஹெட், ஃபோர் இஞ்ச்.